புளி ஏற்றுமதிக்கு 40,000 ரூபாய் ‘லைசென்ஸ்’ தேவையா?

கேள்வி: அஞ்செட்டிப் பக்கம் நாங்கள் இருபது பெண்கள் குழுவாகச் சேர்ந்து புளி தட்டி, கொட்டை எடுத்து வியாபாரிக்குக் கொடுக்கிறோம். நேரடியாக துபாய்க்கே அனுப்பலாம், எக்ஸ்போர்ட் லைசென்ஸ் வாங்கித் தர 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் லைசென்ஸ் என்று சொல்வது ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கு அரசு தரும் அடையாள எண். டிஜிஎஃப்டி என்ற மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே எடுத்துவிடலாம். பான் கார்டு, வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று போதும்.

யார் பெயரில் எடுப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். ஒருவர் பெயரில் எடுத்தால் வருகிற பணமும் பொறுப்பும் அவர் தலையில். நாளைக்கு மனக்கசப்பு வரும். அதற்குப் பதில் குழுவையே நிறுவனமாக்கி அதன் பெயரில் எடுக்கலாம். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாம், நீங்கள் இருபது பேர் இருக்கிறீர்கள்.

கிருஷ்ணகிரியில் யாரைக் கேட்டாலும் ‘அபெடாவில் (வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பு) பதிவு செய்யுங்கள்’ என்பார்கள். மாங்கூழ் அனுப்பிப் பழகிய ஊர், அப்படித்தான் வாயில் வரும். ஆனால் புளி, நறுமணப் பொருள் வாரியத்தின் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதியாளர் பதிவுச் சான்றை அங்கேதான் வாங்க வேண்டும். கூடவே எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம்.

சரி, காகித வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். சிக்கல் புளியில்தான் இருக்கிறது. ஒரு பிடியை வெந்நீரில் கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியில் நிற்கும் நாரும் ஓட்டுத் துணுக்கும் ஒரு பக்கம். பாத்திரத்தின் அடியில் விரல் வைத்தால் நறநறவென்று மண் தட்டுப்படுகிறதா என்பதுதான் முக்கியம். தார் ரோட்டிலும் வெறுந்தரையிலும் காயவைத்த புளி இதில் கண்டிப்பாக மாட்டிக்கொள்ளும். தார்ப்பாய் விரித்துக் காயவையுங்கள். துருப்பிடித்த கம்பியால் தட்டாதீர்கள், புளிப்பு இரும்பை அரிக்கும். உப்புப் போட்டுப் பிசைந்து வைப்பது நம் வீட்டு வழக்கம். வாங்குபவர் கேட்டாலொழிய ஏற்றுமதிப் புளியில் அது வேண்டாம். பங்குனியில் செம்பழுப்பாக இருக்கும் புளி வெளியே கிடந்தால் மாதங்கள் போகப்போகக் கறுத்துவிடும், நிறம் போனால் விலையும் இறங்கும். அதனால் குளிர்பதனக் கிடங்கு வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே விலை சொல்லுங்கள்.

கணக்கு என்றதும் கொட்டையை மறந்துவிடாதீர்கள். நூறு கிலோ பழத்தில் சதை ஏறக்குறைய 55 கிலோ, கொட்டை 34 கிலோ, மீதி ஓடும் நாரும். அந்தக் கொட்டையின் பருப்பு மாவு ஜவுளி ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படுகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. அதைக் கூலிக்கு ஈடாக வியாபாரியிடமே விட்டுவருகிறீர்கள் என்றால் அந்தப் பேச்சை முதலில் மாற்றுங்கள்.

முதல் வருடமே கண்டெய்னர் கனவு வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கனவே அனுப்பிக்கொண்டிருக்கும் ஏற்றுமதியாளர் ஒருவருக்கு அரைக் கிலோ பொட்டலமாக, உங்கள் குழுவின் பெயரோடு போட்டுக் கொடுத்துப் பாருங்கள். சில கிலோ மாதிரி அனுப்ப அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திராவில் விசாரியுங்கள்.

துபாய்க்காரர் ‘சரக்கு வந்ததும் பணம்’ என்றால் தலையாட்டாதீர்கள். பாதி முன்பணம், மீதி கப்பல் ஆவணங்கள் கைமாறும்போது. அல்லது வங்கி மூலம் எல்சி, அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம். கடனுக்குத்தான் கொடுக்க வேண்டிவந்தால், வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் அரசு நிறுவனமான இசிஜிசியின் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: ஐஇசி விவரத்தில் எதுவும் மாறாவிட்டாலும் வருடாவருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கிவிடும். அதைச் சரிசெய்து தருகிறேன் என்று அதே ஆள் மறுபடியும் வருவார்.