இரண்டு பவுன் சங்கிலியும் ஐம்பது மில்லி அளவுச்சாடியும்

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் படிவம் 4-இல் வேதியியல் எடுத்திருக்கிறாள். படித்ததை வீட்டில் சோதித்துப் பார்க்கும் ஆசையில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கிய 916 சங்கிலியைச் சமையல் தராசில் வைத்திருக்கிறாள். 16 கிராம் காட்டியது. பிறகு 50 மில்லி அளவுச்சாடியில் 20-ஆம் கோடுவரை தண்ணீர் ஊற்றி, சங்கிலியை உள்ளே விட்டிருக்கிறாள். தண்ணீர் 21-க்கும் 22-க்கும் நடுவே நின்றது. 21.5 என்று எழுதிக்கொண்டு, எடையான 16-ஐக் கூடிய கன அளவான 1.5-ஆல் வகுத்து அடர்த்தி பார்த்தால் 10.7.

"புத்தகத்தில் தங்கத்தின் அடர்த்தி 19.3, வெள்ளிக்கு 10.5 என்று இருக்கிறது. வெள்ளிக்கு முலாம் பூசித் தலையில் கட்டிவிட்டார்களா? கடையில் போய்க் கேட்கலாமா? இன்னொன்று, தங்கம் தனிமம் என்கிறாளே, அப்புறம் அதில் 916 என்ற எண் எதற்கு?" என்பது அவர் கேள்வி.

இப்போதைக்குக் கடைக்குப் போக வேண்டாம். மகள் செய்த முறை சரி. அந்தக் கருவிகளை வைத்து இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது, அவ்வளவுதான்.

முழுக் கிராமாகக் காட்டும் தராசில் 16 என்று வந்தால், உண்மையான எடை 15.5-இலிருந்து 16.5 வரை எதுவாகவும் இருக்கலாம். அளவுச்சாடியில் ஒரு மில்லிக்கு ஒரு கோடு. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அரைக் கோடு முன்பின் ஆகும். இரண்டு முறை பார்த்துக் கழிப்பதால் பிழையும் இரண்டு மடங்கு. ஆக, 1.5 மில்லி என்று வந்த விடை 0.5 முதல் 2.5 வரை போகும். இப்போது வகுத்துப் பாருங்கள்: சங்கிலியின் அடர்த்தி 6-க்கு மேல், 33-க்குள் ஏதோ ஒன்று. இரும்பு, வெள்ளி, ஈயம், தங்கம் எல்லாமே இதற்குள் அடக்கம். 33 அடர்த்தி கொண்ட பொருள் பூமியில் எதுவுமே கிடையாது. தனிமங்களிலேயே அடர்த்தி மிகுந்த ஆஸ்மியம்கூட 22.6-தான். 10.7 என்ற தசமப் புள்ளி எண்ணைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார். அந்தப் புள்ளியை உண்டாக்கியது கால்குலேட்டர், சங்கிலி இல்லை.

உண்மையில் 16 கிராம் 916 சங்கிலி வெளியேற்றும் தண்ணீர் சுமார் 0.9 மில்லி. அதாவது அந்தச் சாடியில் ஒரு கோடுகூட முழுதாக ஏறாது. போதாததற்கு, வளையத்துக்கு வளையம் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொள்ளும். குமிழ் கூடினால் கன அளவு கூடும், அடர்த்தி குறையும். மகளுக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒப்பிட எடுத்த எண்ணிலும் ஒரு திருத்தம் உண்டு. 19.3 என்பது சுத்தத் தங்கத்துக்கு. 916-க்கு 17.5-இலிருந்து 18 வரை வரும். கலந்தது செம்பா, வெள்ளியா என்பதைப் பொறுத்து மாறும்.

சரி, வீட்டிலேயே ஒழுங்காகப் பார்க்க வழி இருக்கிறதா? இருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இப்போது மலிவாகவே கிடைக்கிறது. முதலில் காய்ந்த சங்கிலியை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடை குறைவான பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். சங்கிலியை மெல்லிய தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். முழுதாக மூழ்க வேண்டும், அடியிலோ பக்கத்திலோ பட்டுவிடக் கூடாது. பட்டால் சங்கிலியின் எடையும் சேர்ந்து ஏறிவிடும். லேசாக ஆட்டிக் குமிழ்களை உதிர்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

தராசு காட்டும் கிராம்தான் சங்கிலியின் கன அளவு, கன சென்டிமீட்டரில். வெளியேறிய தண்ணீரின் எடை அளவுக்குத் தண்ணீர் சங்கிலியை மேலே தாங்குகிறது. அதே அளவு விசை கீழே தராசில் விழுகிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான், மறுபக்கத்திலிருந்து பார்க்கிறோம். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒரு மில்லி தண்ணீர் 0.996 கிராம் இருக்கும். இந்த வேலைக்கு அதை 1 என்றே வைத்துக்கொள்ளலாம்.

சங்கிலி சரியாக 16 கிராம் என்று வைத்துக்கொண்டால், தராசில் 916-க்கு 0.89 முதல் 0.91 வரை வரும். 750 தங்கமானால் (18 காரட்) 1.00-இலிருந்து 1.07 வரை. வெள்ளியானால் 1.5-க்கு மேல், பித்தளை ஏறக்குறைய 1.9. இடைவெளி நன்றாகத் தெரிகிறது பாருங்கள். கடைசி இலக்கம் ஒன்றிரண்டு ஆடினாலும் முடிவு மாறாது. இரண்டு கிராம் தோட்டுக்கு இதே முறை உதவாது. அங்கே 916-க்கு 0.11, 750-க்கு 0.13. தராசு கொஞ்சம் ஆடினாலே போச்சு. உள்ளே அரக்கு அடைத்த குண்டு, கல் பதித்த பதக்கம், கூடான வளையல் ஆகியவற்றுக்கும் வேண்டாம். அடர்த்தி எப்படியும் குறைவாகத்தான் வரும், வீண் சந்தேகம்.

இனி 916. தங்கம் தனிமம்தான், அதில் மாற்றமில்லை. ஒவ்வொரு தங்க அணுவின் கருவிலும் 79 புரோட்டான்கள். ஆனால் உங்கள் கழுத்தில் இருப்பது தனிமம் இல்லை, உலோகக் கலவை. ஆயிரம் கிராமில் 916 கிராம் தங்கம், மீதி 84 கிராம் செம்பு, வெள்ளி போன்றவை. 22 காரட் என்பதும் இதுதான், 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.916 வரும். இதைச் சேர்மம் என்று சொல்ல முடியாது. சேர்மத்தில் விகிதம் மாறாது: ஒன்பது கிராம் தண்ணீரில் எட்டு கிராம் ஆக்சிஜன், ஒரு கிராம் ஹைட்ரஜன், எந்த ஊரிலும் அப்படித்தான். தங்கத்தில் எவ்வளவு செம்பு என்பதைத் தட்டார் முடிவு செய்கிறார்.

மகளுக்கு ஒரு கணக்கு. 916 என்றால் ஆயிரம் அணுவில் 916 தங்க அணு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது எடைக் கணக்கு, தலைக் கணக்கு இல்லை. 16 கிராம் சங்கிலியில் தங்கம் 14.66 கிராம். அதைத் தங்கத்தின் அணு எடையான 196.97-ஆல் வகுத்தால் 0.0744 மோல் (மோல் என்பது அணுக்களை எண்ணும் அலகு). மீதி 1.34 கிராம் முழுவதும் செம்பு என்று கொண்டால், செம்பின் அணு எடையான 63.55-ஆல் வகுக்க 0.0211 மோல். கூட்டிப் பார்த்தால் நூறு அணுவில் 22 அணு செம்பு! எடையில் எட்டு சதவீதம்தான், ஆனால் எண்ணிக்கையில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். செம்பு அணு அவ்வளவு லேசு. மோல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

செம்பு சேர்ப்பதை ஏமாற்று என்று எண்ண வேண்டாம். சுத்தத் தங்கத்தில் ஒரே அளவு அணுக்கள் அடுக்கடுக்காக இருப்பதால் எளிதில் வழுக்கி நகரும், அதனால் நகை வளைந்துவிடும். இடையே சிறிய செம்பு அணுக்கள் புகுந்தால் அந்த வழுக்கல் தடைபடும், நகை உறுதியாகும். வெள்ளி அணு தங்க அணுவின் அளவேதான், அதனால் அது தரும் உறுதி குறைவு. செம்பு கூடினால் சிவப்பு ஏறும், வெள்ளி கூடினால் வெளிறும். ஒரே 916 இரண்டு கடையில் இரண்டு நிறமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

காந்தச் சோதனையை நம்பாதீர்கள். வெள்ளி, செம்பு, பித்தளை எதுவும் காந்தத்தில் ஒட்டாது. நல்ல தங்கச் சங்கிலியின் கொக்கி ஒட்டினாலும் ஒட்டும், உள்ளே இருக்கும் சுருள் பெரும்பாலும் எஃகு. அமிலம் வாங்கி வீட்டில் உரைத்துப் பார்ப்பதோ கூடவே கூடாது. அது நைட்ரிக் அமிலம், அதைத் தட்டாரின் உரைகல்லோடு விட்டுவிடுவோம்.

தண்ணீர்ச் சோதனைக்குப் பிறகும் மனம் ஆறவில்லை என்றால், எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் நகைக்கடையிலோ பஜாக் (அடகுக்) கடையிலோ காட்டுங்கள். எக்ஸ்ரே பட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்ரேயைத் திருப்பி அனுப்பும். அது அணு எண்ணோடு, அதாவது கருவிலுள்ள புரோட்டான் எண்ணிக்கையோடு, ஒழுங்காக மாறுகிறது என்று 1913-இல் காட்டியவர் ஆங்கில இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி. இரண்டே ஆண்டில் கலிப்பொலி போரில் இறந்துபோனார், வயது 27. அந்தக் கருவி மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தைத்தான் பார்க்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றலாம், தண்ணீரை ஏமாற்றாது. டங்ஸ்டன் மட்டும் விலக்கு, அதன் அடர்த்தி 19.25. ஆனால் அந்தத் தந்திரம் தங்கக் கட்டி வாங்குகிறவர்கள் கவலைப்பட வேண்டியது. டங்ஸ்டனை இழுத்துச் சின்னச் சின்ன வளையமாக்கிச் சங்கிலி கோக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள்.