கால் கழுவும் வியாழன்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள், கலியாணம் செய்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முதல்நாளான பெரிய வியாழன் பூசையில் பங்குச் சுவாமி கால் கழுவிய பன்னிரண்டு பேரில் எங்கள் மாமாவும் ஒருவர். கோயிலுக்குப் போகுமுன் கிணற்றடியில் குந்தியிருந்து சவர்க்காரம் போட்டுக் காலைத் தேய்தேய் என்று தேய்த்தார். என் தம்பி இப்போது ஏழாம் நாள் (அட்வென்டிஸ்ட்) சபைக்குப் போகிறான். அங்கே திருவிருந்துக்கு முன்பு எல்லோருமே ஒருவர் காலை ஒருவர் கழுவுகிறார்கள். "கத்தோலிக்கர் வருசத்தில ஒருக்கா நாடகம் போடுகினம், உங்கட சபையில அதுவும் இல்லை அக்கா" என்கிறான். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13ஆம் அதிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதானே, யார் சரி?

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரி,

தம்பியின் கேள்வி நல்ல கேள்வி. 'நாடகம்' என்பதை மட்டும் அவர் விட்டுவிட வேண்டும். அந்த அதிகாரத்தை எல்லோரும் உண்மையாகத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு மரபும் அதில் வேறு வேறு வசனத்தில் காலூன்றி நிற்கிறது.

"நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று பேதுருவிடம் இயேசு சொல்வது 8ஆம் வசனம். நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் அதைப் பிடித்துக்கொண்டார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களின் கால்களை அங்கே கழுவினார்கள். ரோமில் அந்த வழக்கம் இல்லை என்று தெரிந்தே அவர் அதை ஆதரித்துப் பேசினார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற அகுஸ்தீனோ 10ஆம் வசனத்தில் நின்றார்: முழுகினவனுக்குக் கால் மட்டும் கழுவினால் போதும் என்றால், இந்த உலகத்தில் நடக்கும்போது அன்றாடம் ஒட்டுகிற பாவத்தைக் கழுவுவது அது. சீர்திருத்த காலத்தில் தோன்றிய மெனோனைட் சபையார், "நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்" என்ற 14ஆம் வசனத்தின் கட்டளையை அப்படியே எடுத்து, 1632இல் தோர்ட்ரெக்ட் விசுவாச அறிக்கையிலேயே எழுதி வைத்தார்கள். தம்பியின் சபையும் அந்த வசனத்தில்தான் நிற்கிறது. சீர்திருத்தவாதி லூத்தருக்கு 15ஆம் வசனத்தின் 'மாதிரி' போதும், அயலவனுக்குச் சேவை செய்தால் கால் கழுவியாயிற்று. நீங்கள் வளர்ந்த சபையும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

இதற்குள் இன்னொரு பெரிய விஷயம் இருக்கிறது. மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் கடைசி இராப்போசனத்தில் இயேசு அப்பத்தையும் பாத்திரத்தையும் கொடுக்கிற காட்சி வருகிறது, யோவானில் அது இல்லை, அந்த இரவைப் பற்றி யோவான் எழுதியது இயேசு கால் கழுவியதை. அப்படியானால் அப்பமும் பாத்திரமும் மட்டும் ஏன் திருவருட்சாதனம், அதாவது கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்கு, கால் கழுவுதல் ஏன் இல்லை? கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் 1547இல் திருவருட்சாதனங்கள் ஏழு என்று அறுதியிட்டபோது கால் கழுவுதல் அதில் இல்லை. சீர்திருத்தச் சபைகள் ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரண்டோடு நின்றன, ஏனென்றால் அடையாளத்தோடு பாவமன்னிப்பின் வாக்குத்தத்தமும் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இரட்சணிய சேனை ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும்கூடச் சடங்காக வைத்துக்கொள்ளவில்லை. ஆக, வசனத்தைத் திறக்குமுன்பே எது கட்டளை, எது அடையாளம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முடிவு இருக்கிறது.

சரி, என் பக்கத்தைக் கேட்டால், 'ஒருவருடைய கால்களை ஒருவர்' என்பதில் தம்பியின் சபை வசனத்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறது. ஆயரோ சுவாமியோ கழுவும்போது தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஓடுகிறது, மேலே இருப்பவர் குனிகிறார், கீழே இருப்பவர் திரும்பக் கழுவுவதில்லை. ஆனால் அந்த ஒரு பக்கக் குனிவுக்கும் பலம் உண்டு. 2013இல் பாப்பரசர் பிரான்சிஸ் ரோமில் இளையோர் சிறைக்குப் போய்க் கழுவிய கால்களில் பெண்களின் கால்களும் முஸ்லிம்களின் கால்களும் இருந்தன. அதுவரை விதி ஆண்களை மட்டும்தான் சொன்னது, 2016இல் அந்த விதியையே மாற்றினார்கள்.

மாமா கிணற்றடியில் தேய்த்ததைத் தம்பி நாடகத்தின் ஒத்திகையாக எடுத்திருப்பார். எனக்கு அது பேதுருவின் கூச்சமாகத் தெரிகிறது. தன் அழுக்கை இன்னொருவர் தொடுவதைத் தாங்க முடியாமல்தான் பேதுருவும் "ஒருக்காலும் வேண்டாம்" என்றார். கழுவுவதைவிடக் கழுவக் காலை நீட்டுவது கஷ்டம், அதை எல்லா மரபுகளுமே கொஞ்சம் அவசரமாகத் தாண்டிப் போகின்றன என்று நினைக்கிறேன். துவாயோடு சுவாமி முன்னால் முழங்காலில் நின்றபோது எப்படி இருந்தது என்று மாமாவிடம் கேளுங்கள், தம்பியும் பக்கத்தில் இருக்கும்போது.