கேட்காத சேவைக்குப் பில்: கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் சின்ன அளவில் அப்பளத் தொழில் செய்கிறேன். என் போஸ்ட்பெய்டு பில்லில் மூன்று மாதமாக 'மதிப்புக் கூட்டுச் சேவை' என்று 150 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் ஏறி வருகிறது. நான் எதையும் கேட்டு வாங்கவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், "நீங்கதான் ஆக்டிவேட் பண்ணியிருக்கீங்க" என்கிறார்கள். என் பையன் சில நேரம் போனில் கேம் விளையாடுவான். பில்லைக் கட்டாமல் விட்டுவிடலாமா? இந்தத் தொகைக்கெல்லாம் கேஸ் போட முடியுமா?

பதில்: அண்ணாச்சி, பில்லைக் கட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு ஆர்டர் வருவது அந்த நம்பரில்தான். பாக்கி நின்றால் இணைப்பைத் துண்டிப்பார்கள், அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறவும் விடமாட்டார்கள். ஆட்டோ பே போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு நீங்களே கட்டுங்கள். கட்டிய அன்றே, "இதில் ஜிஎஸ்டியோடு சேர்ந்த 177 ரூபாயை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அப்படிக் கட்டினால், கட்டணத்தை நீங்கள் ஒப்புக்கொண்டதாக யாரும் வாதாட முடியாது.

மதிப்புக் கூட்டுச் சேவை என்பது பேச்சு, டேட்டாவுக்கு மேல் தனிக் காசு வாங்கித் தரும் காலர் டியூன், கேம் மாதிரியான கூடுதல் சேவை. அடுத்து 155223 என்ற இலவச எண்ணை அழைத்து அந்தச் சேவையை நிறுத்துங்கள். இது இனி வரப்போகும் பில்லுக்கு. போன பணத்துக்கு வழி வேறு.

"நீங்கதான் ஆக்டிவேட் பண்ணியிருக்கீங்க" என்று வாயால் சொன்னால் போதாது. இப்படிப்பட்ட சேவையைத் தொடங்க வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லேயே உத்தரவிட்டிருக்கிறது. விளம்பரத்தில் விரல் ஒருமுறை பட்டுவிட்டது என்பதெல்லாம் சம்மதம் ஆகாது. ஆகவே 198-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் கேளுங்கள்: எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வழியில் என் இரண்டு சம்மதங்களும் பெறப்பட்டன, அதன் பதிவைத் தாருங்கள் என்று. முழு வழக்கும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. பதிவைக் காட்ட முடியாத கம்பெனி பணத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

பையன் விஷயத்தை மறைக்க வேண்டாம். முதலில் பில்லில் இருக்கும் சேவையின் பெயரைப் பாருங்கள். கேமுக்குள் அவன் ஏதாவது வாங்கி, அந்தத் தொகை பில்லில் சேர்ந்திருந்தால் கதை வேறு. உங்கள் போனிலிருந்தே இரண்டு சம்மதமும் போயிருப்பதாகப் பதிவு வந்தாலும் பழைய பணத்தை வாங்குவது கஷ்டம். அதனால் பதிவைப் பார்க்கும் முன் "பையன் தொடவே இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

நான்கு வாரத்தில் தீர்வு வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போங்கள். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதலாமே என்று பலர் கேட்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, கம்பெனிக்கே அனுப்பி வைக்கும்.

சரி, கேஸ் போட முடியுமா? தாராளமாக முடியும். டெலிபோன் தகராறு நுகர்வோர் நீதிமன்றத்துக்கு வராது என்று 2009-இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டிப் பல மனுக்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வோடஃபோன் ஐடியா வழக்கில் அந்தத் தடை இல்லை என்று தெளிவாக்கிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உங்கள் மனுவை விசாரிக்கும். உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கம்பெனி ஒரு வாதத்தைக் கட்டாயம் எடுக்கும்: இது வியாபார நம்பர், அதனால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்குச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. மனுவிலேயே அதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேஸ் வேண்டாம், பேசி முடிக்கலாம் என்று நினைத்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நிரந்தர மக்கள் நீதிமன்றம் பற்றிக் கேளுங்கள். பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் பற்றிய தகராறுகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள், தொலைபேசியும் அதில் ஒன்று. ஆனால் வேறு நீதிமன்றத்தில் வழக்குப் போடும் முன்பே அங்கே போக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு 531 ரூபாய். இதற்குப் போய் அலைவதா என்று உங்கள் வீட்டில் சொல்லத்தான் செய்வார்கள். எனக்கு ஆத்திரம் வருவதே இங்கேதான். அலைய மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இந்தக் கட்டணங்கள் ஓடுகின்றன. பில் வருவதால் நீங்களாவது கண்டுபிடித்தீர்கள். முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டே கடையில் ரீசார்ஜ் செய்யும் அக்காமாருக்குப் பேலன்ஸ் ஏன் கரைந்தது என்றே தெரியாது. ப்ரீபெய்டு வைத்திருப்பவர்களும் கடந்த ஆறு மாதத்துக்குள் உள்ள கணக்கை விவரமாகக் கேட்டு வாங்கலாம், 50 ரூபாய்க்கு மேல் கேட்கக் கூடாது. உங்கள் தெருவில் யாருக்காவது இப்படிப் பணம் போயிருந்தால் இதைச் சொல்லுங்கள்.

மூன்று பில், பணம் கட்டிய ரசீது, புகார் எண், மின்னஞ்சல் நகல் எல்லாவற்றையும் அச்செடுத்துத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். மேல்முறையீட்டுக்கும் வழக்குக்கும் அதுவே போதும்.