நோர்வீஜியக் கூட்டுச்சொற்கள்: எங்கே வெட்டுவது, எப்படிச் சொல்வது?

முதலில் ஒரு வேண்டுகோள். நோர்வீஜிய ஒலிகள் சிலவற்றுக்குத் தமிழில் எழுத்தில்லை. இங்கே எழுதியிருப்பதெல்லாம் தோராயம்தான். ஆனால் ‘த’ என்று எழுதியிருக்கும் இடத்தில் நாக்கு பல்லைத் தொடட்டும். அதை ‘ட’ ஆக்கிவிடாதீர்கள். காரணம் கீழே வாசகர்களின் மூன்றாவது கேள்வியில் வருகிறது.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நீள நீளமான சொற்கள். வாய்விட்டுப் படிக்கும்போது எங்கே மூச்சு விடுவது என்றே தெரிவதில்லை. வெட்டுவதற்கு விதி ஏதும் உண்டா?
– ஒஸ்லோ வாசகி

பின்னாலிருந்து வாருங்கள். கூட்டுச்சொல்லில் கடைசித் துண்டுதான் தலை. முன்னால் நிற்பதெல்லாம் அதற்கு அடை. ‘ஹெல்ஸெஃபாகர்பைதெர்’ என்பதைப் பாருங்கள். கடைசியில் ‘அர்பைதெர்’, தொழிலாளி. அதற்கு முன் ‘ஃபாக்’, துறை. அதற்கும் முன் ‘ஹெல்ஸெ’, உடல்நலம். உடல்நலத் துறைத் தொழிலாளி: அப்படியே தமிழின் வரிசை. சொல் எந்தப் பால் என்பதையும் அந்தக் கடைசித் துண்டே தீர்மானிக்கிறது.

அடுத்த அடையாளம், நடுவில் ஒட்டிக்கொண்டு வரும் ‘ஸ்’. வைன் கிண்ணம் ‘வீன்-க்லஸ்’. அதில் ‘ஸ்’ கிடையாது. சிவப்பு வைன் கிண்ணமானால் ‘ரோ-வீன்ஸ்-க்லஸ்’. முன்பகுதியே இரண்டு சொல் சேர்ந்ததாக இருப்பதால் நடுவில் ஒரு ‘ஸ்’ வந்து இணைப்பைக் காட்டிக்கொடுக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. ஆனால் ஹேத், ஸ்காப், தேத், ஷூன் என்று முடியும் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல் ஒட்டினால் ‘ஸ்’ அநேகமாக நிச்சயம்: ‘நீஹேத்ஸ்-ப்ரேவ்’, செய்திமடல். அந்த ‘ஸ்’ எப்போதும் இடப்பக்கத்துச் சொல்லோடு போகும். அதைச் சொல்லிவிட்டு மூச்சு விடலாம்.

‘ஸ்’ ஏமாற்றும் இடமும் உண்டு. ‘தாக்ஸ்தைன்’ என்றால் கூரை ஓடு: தாக் (கூரை), ஸ்தைன் (கல்). இங்கே ‘ஸ்’ கல்லுக்குச் சொந்தம். ‘தக்ஸ்த்மன்’ என்றால் வீட்டுக்கு விலை மதிப்பிடுபவர்: தக்ஸ்த் (மதிப்பு), மன் (ஆள்). எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. ஆனால் முதலாவதில் நெடில், இரண்டாவதில் குறில். அதாவது உயிரின் நீளம் முழுச்சொல்லைப் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் தனியாகக் கணக்காகிறது. பிழையாக வெட்டினால் உச்சரிப்பும் சேர்ந்தே கெடும்.

நோர்வேக்காரர்களே வேடிக்கையாகச் சொல்லும் உதாரணம் ‘பீல்தேலெர்’. பீல் (கார்), தேலெர் (பாகங்கள்): கார் உதிரிப்பாகம். அதையே ‘பில்தெ-லேர்’ என்று வெட்டினால் ‘படம் சிரிக்கிறது’ என்றாகிவிடும்! வேங்கை, பலகை என்று, சேர்ந்து நின்றால் ஒரு பொருளும் பிரித்தால் வேறு பொருளும் தரும் பொதுமொழியை நம் இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

அழுத்தம் எங்கே கொடுப்பது? நான் எல்லாத் துண்டுகளையும் சமமாகச் சொல்கிறேன். எதிரே இருப்பவர் முகம் சுளிக்கிறார்.
– த்ரம்மன் வாசகர்

சமமாகச் சொல்வதுதான் சிக்கல். தமிழ்க் காதுக்கு இயல்பு அது. அவர்களுக்கோ தனித்தனிச் சொற்களாகக் கேட்கும். முதல் துண்டில் ஓங்குங்கள். இரண்டாவது துண்டு கொஞ்சம் தணியட்டும், ஆனால் அதன் நெடிலை விழுங்கிவிடாதீர்கள்.

இதோடு ஸ்வரமும் உண்டு. ‘பொன்னெர்’ என்று ஒஸ்லோவில் தாழத் தொடங்கி ஏற்றினால் விவசாயிகள். உயரத் தொடங்கி இறக்கி மறுபடி ஏற்றினால் பீன்ஸ். முதலாவதில் எழுத்தில் ஒரு ‘டி’ உண்டு, வாயில் வராது. கூட்டுச்சொல்லில் ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்வரம் தேட வேண்டாம், முழுச்சொல்லுக்கும் ஒன்றே. அது பெரும்பாலும் முதல் துண்டைப் பொறுத்தது. ‘விந்தெர்’ முதல் வகை, தாழத் தொடங்குவது, எனவே குளிர்கால விடுமுறையான ‘விந்தெர்ஃபேரியெ’யும் அப்படியே. ‘சொம்மெர்’ (கோடை) இரண்டாம் வகை, ‘சொம்மெர்ஃபேரியெ’ அதன் வழியில். ஐயம் வந்தால் நோர்வே அகாதமியின் அகராதியைப் பாருங்கள். இணையத்தில் இலவசம், ஸ்வரக் குறியும் இருக்கிறது. நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலை ஊர்களில் மொழி பழகிய நம்மவர் பலருக்கு இந்த ஸ்வரமே பிடிபடாததில் வியப்பில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சில் பல இடங்களில் அது இல்லவே இல்லை.

ஊர்ப்பெயர்கள் இந்த விதிக்கு அடங்குவதில்லை. ஒஸ்லோவின் ‘க்ரூனெர்லொக்கா’வில் அழுத்தம் பின்னால், ‘லொக்கா’வில். க்ரூனெர் குடும்பத்தின் நிலம் என்று பொருள் தெரிந்தாலும் முன்னால் அழுத்தக் கூடாது. இவற்றைக் கேட்டுப் பழகுவதே வழி.

நாடாளுமன்றத்தை ‘ஸ்தோர்-திங்கெத்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். யாருக்கும் புரியவில்லை.
– லில்லெஸ்த்ரொம் வாசகர்

‘ஸ்தூட்டிங்கெ’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஸ்தூர்’ (பெரிய), ‘திங்’ (சபை). முதல் சொல் ‘ர்’ என்று முடிகிறது, அடுத்தது ‘த’ என்று தொடங்குகிறது. இரண்டும் கரைந்து ‘ட’ ஆகிவிடுகிறது. நாள் + தோறும் = நாடோறும் என்று படித்தோமே, அதன் உறவுக்காரர்தான் இது. இறுதி ‘த்’ பேச்சில் வராது.

‘ர்’ரை அடுத்து ‘ன’ வந்தால் ‘ண’ (குழந்தை ‘பாண்’, பாலர் பள்ளி ‘பாணெஹாகெ’), ‘ல’ வந்தால் ‘ள’ போல, ‘ஸ’ வந்தால் ‘ஷ’. ஒஸ்லோ ரயிலில் அறிவிக்கும் ‘மயூஷ்தூவா’வை எழுத்தில் பார்த்தால் நடுவில் ஆரும் எஸ்ஸும் நிற்கும். ஆங்கிலேயர் நாக்கை மடிக்கத் திணறும் இடம். நமக்கு இது ஓசி.

ஆனால் நம் ஆபத்து வேறு. ஆங்கில ‘டீ’யை ‘ட’ என்று சொல்லிப் பழகிய வாய் நோர்வீஜியத்திலும் அதையே செய்யும். ‘கத்’ என்றால் பூனை, ‘கட்’ என்றால் வரைபடம். உயிரிலும் வேறுபாடு இல்லை, நாக்கின் இடம் மட்டும்தான் வேறு. பூனையைத் தேடும்போது வரைபடத்தைக் கேட்டுவிடாதீர்கள்.

பேர்கனிலும் ஸ்தவாங்கரிலும் இருப்பவர்கள் இதையெல்லாம் மறந்துவிடலாம். அங்கே ‘ர்’ தொண்டையில் பிறப்பது. அது ‘த’வோடு கரையாது.

மகனின் கட்டுரையில் ஆசிரியை பல இடங்களில் இரண்டு சொற்களைக் கோடு போட்டு இணைத்திருக்கிறார். ஓர் இடைவெளிக்கு இவ்வளவு கண்டிப்பா?
– பேர்கன் தாய்

கண்டிப்புத்தான், நியாயமும் கூட. ‘ரோய்க்ஃப்ரித்’ என்று சேர்த்து எழுதினால் புகைபிடிக்கக் கூடாத பகுதி. இடைவெளி விட்டால் ‘தாராளமாகப் புகைபிடி’. ‘லம்மெலோர்’ ஆட்டுக்குட்டித் தொடை, கடையில் வாங்குவது. பிரித்தால் முடங்கிப்போன தொடைகள். ‘தூன்ஃபிஸ்க்பீதெர்’ சூரை மீன் துண்டுகள். பிரித்தால் சூரை மீன் கடிக்கிறது.

ஆங்கிலம் பிரித்து எழுதுகிறது என்பதால் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. சரி, மகனுக்கு என்ன சொல்வது? வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓங்கும் இடம் ஒன்றே ஒன்றானால் சேர்த்து எழுத வேண்டும். இரண்டு இடத்தில் ஓங்கினால் இரண்டு சொல்.

பேருந்து நிறுத்தம்: ‘புஸ்’ஸில் இரண்டு எஸ், ‘ஸ்தொப்’பில் ஒன்று. சேர்த்தால் மூன்றுதானே?
– அதே தாய்

இரண்டுதான். ஒரே மெய்யை மூன்று முறை அடுக்க இந்த மொழி விடாது. கால்பந்து அணியான ‘ஃபூத்பல்லாக்’கிலும் அப்படித்தான், மூன்று எல் இரண்டாகும். ஆனால் வரி முடிவில் அந்தச் சொல்லை உடைக்க நேர்ந்தால் தொலைந்த எழுத்து திரும்பி வந்துவிடும்: மேல் வரியில் இரண்டு எஸ், கோடு, கீழ் வரியில் ‘ஸ்தொப்’ தன் எஸ்ஸோடு. உச்சரிப்பில் எந்த மாற்றமும் இல்லை.

‘த்ரொன்ட்ஹைமா’, ‘த்ரொன்ஹைமா’?
– ஊர் குறிப்பிடாதவர்

பின்னது. ‘டி’ ஊமை. வடக்கு முனையான ‘நூர்கப்’பிலும் அதே கதை.