ஒஹாயோ திரும்பி வருமா?

அன்புள்ள ஐயா,

2012ல் ஒஹாயோவின் கொலம்பஸுக்குக் குடிவந்தேன். அதிபர் தேர்தலுக்காக ஒபாமா, ராம்னி இருவரும் மாறி மாறி இங்கே வந்து நின்ற காலம். இப்போது அந்தச் சந்தடியே இல்லை. 1964 முதல் 2016 வரை ஜெயித்தவர் பக்கமே நின்ற ஒஹாயோ, இனி நிரந்தரமாகக் குடியரசுக் கட்சிக்குத்தானா? படிக்காத தொழிலாளர்கள் தங்களுக்கே குழி தோண்டிக்கொள்கிறார்கள் என்று படுகிறது. 2028 அதிபர் தேர்தலில் ஒஹாயோக்காரரான வேன்ஸ் நின்றால் இது இன்னும் இறுகுமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

வேன்ஸ் விஷயத்துக்கு ஜோசியரைப் பாருங்கள். 'படிக்காத தொழிலாளர்கள்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. ஒஹாயோவின் உருக்கு நகரமான யங்ஸ்டவுனில் காம்ப்பெல் உருக்காலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் ஐயாயிரம் பேருக்கு வேலை போயிற்று. பின்னாலேயே மற்ற ஆலைகளும் மூடின. உங்கள் கணக்குப்படி, யங்ஸ்டவுன் இருக்கும் மஹோனிங் கவுண்டி அப்போதே ஜனநாயகக் கட்சியை விட்டு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. 1972ல் நிக்ஸன் ஜெயித்த பிறகு, 2020ல் டிரம்ப் வரும்வரை, அதிபர் தேர்தலில் எந்தக் குடியரசுக் கட்சிக்காரரும் அங்கே ஜெயிக்கவில்லை. மெக்ஸிகோ, கனடாவோடான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தைச் சட்டமாக்கி 1993ல் கையெழுத்திட்டது அவர்கள் கட்சியின் கிளிண்டன்தான். அதற்குப் பிறகும் 1996ல் அவருக்கே போட்டார்கள். நீங்களும் நானும் யாருக்காவது இத்தனை காலம் உண்மையாக இருந்திருக்கிறோமா?

அந்த ஊர் தேவாலயம் ஒன்றில் தவக்கால வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு ஒரு நண்பர் கூட்டிப்போனார். எதிரே ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர். அரசியல் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் பேசியதெல்லாம் தொழிற்சங்கக் கட்டடத்தைப் பற்றி. கல்யாண விருந்து அங்கே, வேலைநிறுத்தத்தின்போது மளிகைப் பை அங்கே, மேலாளரோடு மல்லுக்கட்டியவர் அங்கே. "பேரனுக்கு அது எந்தத் தெருவில் இருந்ததென்றே தெரியாது" என்றார், பொரித்த மீனைப் பிய்த்தபடி.

கட்சிப் பற்று தேர்தல் அறிக்கையைப் படித்து வருவதில்லை, செந்தில். யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டோம், கஷ்டத்தில் யார் கதவைத் தட்டினார்கள் என்பதில் வருகிறது. சங்கம் போயிற்று, அந்தப் பழக்கம் மட்டும் இன்னொரு தலைமுறை ஓட்டுப் போட்டது. அந்தத் தலைமுறையும் கரைந்த பிறகுதான் உங்கள் தொலைக்காட்சி 'திடீர் மாற்றம்' என்கிறது. திடீராம்!

2023 நவம்பரில் இதே ஒஹாயோ கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்த்தது, சுமார் 57 சதவீத ஆதரவோடு. மறு ஆண்டே டிரம்புக்கு 11 சதவீதப் புள்ளி முன்னிலை கொடுத்தது. தொழிலாளர் பக்கம் பேசிவந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷெரட் பிரவுனையும் வீட்டுக்கு அனுப்பியது. கொள்கை ஒன்றும் அவர்களுக்குக் கசக்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் பெயர்தான் கசக்கிறது.

நிரந்தரமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? 1980ன் ரீகன் அலையிலும் ஜனநாயகக் கட்சியின் கார்ட்டருக்கு நின்ற மேற்கு வர்ஜீனியா 2000ல் குடியரசுக் கட்சியின் புஷ்ஷிடம் போனது, திரும்பவேயில்லை. ஒஹாயோவும் அதே வழியில்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

கொலம்பஸில் உங்கள் அக்கம்பக்கம் இன்னும் ஜனநாயகக் கட்சிதான். அங்கிருந்தே தொழிலாளியை எடைபோடாதீர்கள். யங்ஸ்டவுன் காரில் மூன்று மணி நேரம்கூட இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.