இனமும் மரண தண்டனையும்: அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்காவில் கறுப்பர்களுக்குத்தான் அதிகமாகத் தூக்கு என்கிறார்களே, உண்மையா?

முதலில், அங்கே இப்போது பெரும்பாலும் விஷ ஊசிதான். இனத்தைப் பொறுத்தவரை, கொன்றவரை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். செத்தவர் யார் என்று பாருங்கள். 1970-களில் ஜார்ஜியாவில் நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொலை வழக்குகளைப் பேராசிரியர் டேவிட் பால்டஸ் குழு அலசியது. வழக்கின் மற்ற அம்சங்களைக் கணக்கில் எடுத்த பிறகும், வெள்ளையரைக் கொன்றவருக்கு மரண தண்டனை விழும் வாய்ப்பு, கறுப்பரைக் கொன்றவருக்கு இருப்பதைப்போல 4.3 மடங்கு!

இவ்வளவு பச்சையான கணக்கு இருந்தும் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லையா?

ஜார்ஜியாவில் மரண தண்டனை பெற்ற கறுப்பரான வாரன் மெக்ளஸ்கி அந்தக் கணக்கை வைத்துத்தான் வாதாடினார். 1987-ல் 5-4 என்று தோற்றார். கணக்கு தப்பு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 'உன் வழக்கில் யாரோ ஒருவர் வேண்டுமென்றே இனம் பார்த்தார் என்று காட்டு' என்றது. மனதில் இருப்பதை யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பார்களா? கணக்கையெல்லாம் சட்டமன்றத்திடம் கொண்டுபோகலாம் என்றும் சொன்னது. 1991-ல் மெக்ளஸ்கி மின்சார நாற்காலியில் இறந்தார். தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஓய்வுபெற்ற பின், அந்த வாக்கை மாற்றிப் போடுவேன் என்றார். எனக்கு இன்றும் ஆறாத இடம் இது.

ஜூரியில், அதாவது வழக்கில் முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், கறுப்பர்கள் இருந்தால் நிலைமை மாறுமே?

இருக்க விட்டால்தானே! இனத்தைக் காரணமாக வைத்து யாரையும் விலக்கக் கூடாது என்று 1986-லேயே பேட்சன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அப்புறம் என்ன, 'கண்ணைப் பார்த்துப் பேசவில்லை' என்பதுபோல வேறு சாக்குகள் வந்தன. ஆனால் எழுதியே வைத்தவர்களும் உண்டு. ஜார்ஜியாவின் ஃபாஸ்டர் வழக்கில், அரசுத் தரப்பின் பட்டியலில் கறுப்பர்களின் பெயர்கள் பச்சை மையால் தீட்டப்பட்டு, பக்கத்தில் 'பிளாக்' என்பதற்கான 'பி' என்ற எழுத்தும் இருந்தது. விசாரணை நடந்தது 1987-ல். உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது 2016-ல்.

சரி, சட்டமன்றங்கள் என்ன செய்தன?

மரண தண்டனையில் இனம் பார்த்ததை எதிர்த்து வாதாட வழிசெய்யும் முதல் இனநீதிச் சட்டத்தைக் கென்டக்கி 1998-ல் கொண்டுவந்தது. பெரிய மாற்றம் 2009-ல் வட கரோலினாவில். புள்ளிவிவரத்தையே சான்றாகக் காட்டலாம். வென்றால் தண்டனை பரோல் இல்லாத ஆயுளாகக் குறையும், விடுதலை கிடையாது. 2012-ல் மரண தண்டனைக் கைதி மார்கஸ் ராபின்சன் முதலில் வென்றார். அரசு வழக்கறிஞர்கள் தகுதியுள்ள கறுப்பர்களை மற்றவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஜூரியிலிருந்து விலக்கியிருந்தது ஆதாரத்தில் தெரிந்தது. அடுத்த ஆண்டே சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள்! ஏற்கெனவே மனுப் போட்டவர்களின் உரிமையை அந்த ரத்து பறிக்காது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஆனது.

அதே 2020-ல் கலிஃபோர்னியா இன்னும் மேலே போனது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை. மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டுமல்ல, எல்லாக் குற்ற வழக்குகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

பேசாமல் தண்டனையையே எடுத்துவிடலாமே?

வாஷிங்டன் மாநிலத்தில் அதுதான் நடந்தது. தண்டனை இனத்தைப் பொறுத்து விழுகிறது என்று 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2023-ல் சட்டப் புத்தகத்திலிருந்தும் நீக்கினார்கள். தென் மாநிலங்களில் வர்ஜீனியா 2021-ல் ஒழித்தது. மெக்ளஸ்கியின் ஜார்ஜியாவில் இன்னும் இருக்கிறது.