வான் ஓடுபவன் சொந்தக்காரன் என்றால் கூலி இல்லையா?

ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு கொக்குவிலில் கணவரின் வீட்டுக்கு வந்து நிற்கும் ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணம் போட்ட பிறகும் டிப்ஸ் வைக்க வேண்டுமா, அறை துப்புரவாக்குபவருக்கு எவ்வளவு, நயினாதீவுப் படகில் கொடுக்கிற வழக்கம் உண்டா, கூடக் கொடுத்தால் வெளிநாட்டுக் காசைக் காட்டுகினம் என்பார்களா, குறைத்தால் கஞ்சர் என்பார்களா. கடிதம் முழுக்க இந்தக் கவலைதான். நடுவில் ஒரேயொரு வரி: "வான் ஓடுறது இவரின்ட சித்தியின்ட மகன்தான், அதால அந்தச் செலவு இல்லை."

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். பில்லில் இருக்கும் 10 வீதம்தான் சேவைக் கட்டணம், 18 வீதம் என்று இருப்பது வற் வரி, அதில் பரிமாறியவருக்கு ஒரு சதமும் இல்லை. 10 வீதம் போட்டிருந்தால் மேசையில் மேலதிகமாக வைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. அறை துப்புரவாக்கும் பெண்ணை மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் வெளியே போன நேரத்தில் வந்து போகிறவர், கண்ணில் படாததால் கையிலும் ஒன்றும் படாது, நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்துவிடுங்கள். நயினாதீவுப் படகு எடுக்கும் குறிகட்டுவான் துறையில் படகுக் காசு போதும், மாமியைக் கைபிடித்து ஏற்றிவிட்ட பெடியனுக்கு ஏதாவது கொடுத்தால் அது உங்கள் பிரியம். இதற்கெல்லாம் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

யோசிக்க வேண்டிய இடத்தில்தான் நீங்கள் யோசிக்கவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்து உங்களை ஏற்றியவன் வான் ஓடுகிற அந்தச் சித்தி மகன். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், அதுவும் இரவோடு இரவாக, பின் சீற்றில் நீங்கள் எல்லோரும் நித்திரை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, பிள்ளைகளுக்குச் சுடச்சுடக் கச்சான் வாங்கிக் கொடுத்ததும் அவன்தான் என்று நீங்களே சந்தோசமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கச்சான் காசையாவது யாராவது கொடுத்தீர்களா? திருகோணமலையில் இரண்டு இரவும் அவன் வானுக்குள்ளேயே படுத்தானாம், அவனுக்கு அதுதான் வசதியாம். நுளம்புக்கு நடுவில் சீற்றைச் சரித்துப் படுப்பது யாருக்கம்மா வசதி? பல விடுதிகளில் சாரதிமாருக்கென்றே அறை இருக்கும், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"டீசல் நாங்கள்தான் அடிக்கிறம், ஒரு ஜீன்சும் சென்ட் போத்தலும் கொண்டுவந்து குடுத்தனாங்கள்" என்கிறீர்கள். சரி. மாதம் முடிய லீசிங் கொம்பனிக்கு அவன் சென்ட் போத்தலையா கொண்டுபோய்க் கட்டுவான்? உங்களோடு திரிகிற நாள்களில் வந்த வெளி ஹயரையெல்லாம் அவன் விட்டுக்கொண்டிருக்கிறான், அதை உங்களிடம் சொல்லமாட்டான், சொன்னால் காசுக்கு அலைகிறான் என்று சித்தி வரைக்கும் கதை போகும் என்று அவனுக்குத் தெரியும்.

காசு கொடுத்தால் கோவிப்பான் என்று உங்கள் மனுசன் சொல்கிறாராம். இந்தக் கதையை எத்தனையோ வீடுகளில் கேட்டாயிற்று, சொல்கிறவர் எப்போதும் காசு கொடுக்க வேண்டியவராகத்தான் இருப்பார். ஒன்ராறியோவில் மதுபானம் பரிமாறுகிறவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைத்துச் சம்பளம் கொடுக்கலாம் என்றிருந்த விதியையே 2022 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள், இப்போது அவர்களுக்கும் மற்றவர்களைப் போல முழு அடிப்படைச் சம்பளம். இருந்தும் அந்தக் காட் மெசின் 18 வீதமா 20 வீதமா என்று கேட்டால் உங்கள் மனுசன் மறுபேச்சில்லாமல் அமத்துவார், முன்பின் தெரியாத பிள்ளைக்கு முன்னால் வெட்கம். சொந்தச் சித்தியின் மகனுக்கு முன்னால் அந்த வெட்கம் எங்கே போனது? என்னைக் கேட்டால், அந்நியனுக்குக் கூலியைக் குறைத்தால் அது கஞ்சத்தனம், தம்பிக்குக் குறைத்தால் அது களவு. சொந்தம் என்பதற்காக ஒரு பங்கு கூடத்தான் கொடுக்க வேண்டும்.

அவனிடம் "எவ்வளவு தம்பி?" என்று கேட்காதீர்கள். "என்னக்கா, எனக்குப் போய்" என்பான், நீங்களும் நிம்மதியாகப் பேர்சை மூடிவிடுவீர்கள். சந்தியில் நிற்கும் வேறொரு வான்காரரிடம் இத்தனை நாளுக்கு, இத்தனை கிலோமீற்றருக்கு, இரவுத் தங்கலோடு எவ்வளவு என்று விசாரியுங்கள். டீசல் காசைக் கழித்துவிட்டு மிச்சத்தை அப்படியே என்வலப்பில் போட்டு உங்கள் மனுசனே கொடுக்கட்டும், சபையில் வைத்து அல்ல, இருவரும் தனிய நிற்கும்போது. சித்தியின் கையில் கொடுத்தால் அது யாரோ ஒருவரின் சாமத்திய வீட்டுக்கு மொய்யாகப் போய்விடும்.

திரும்பக் கட்டுநாயக்காவில் இறக்கப் போவதும் அவன்தானே. அந்த ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்து, ஊரிலிருந்து வெளிக்கிட முதலே கொடுத்துவிடுங்கள். வாசலில் அழுகையும் சூட்கேசுமாக நிற்கும்போது மிஞ்சின தாள்களைச் சட்டைப்பையில் திணிக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு, கூலி கொடுத்து முடித்த பிறகு அதையும் தாராளமாகத் திணியுங்கள். உங்கள் விமானம் இரவு என்றால் நீர்கொழும்பில் அவனுக்கு ஓர் அறை போட்டுக் கொடுத்துவிட்டு ஏறுங்கள், அவ்வளவு தூரத்தையும் தூக்கக் கலக்கத்தோடு அவன் தனியத் திருப்பி ஓட வேண்டாம்.